சிகாகோ ஜெயரட்ணம்

எங்களுடைய ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு நினைவு மலர் அடிப்பார்கள். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், அதற்கடுத்து வாழ்க்கைச் சரிதம், கடைசியில் நன்றி நவிலல். நான் வாசித்த அளவில் இந்த மலர்களில் பொய் இல்லாத பக்கம் அந்தக் கடைசிப் பக்கம்தான். மற்றப்படி செத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள்போல இருப்பார்கள். மாறாத புன்சிரிப்பு, தெய்வபக்தி, ஊருக்கு உதவி, குடும்பத்தில் குன்றாத பாசம். பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் ஒருவருடைய சரிதத்தை இன்னொருவருக்குத் தாராளமாகப் போடலாம்.

ஜெயரட்ணம் அண்ணையின் சரிதத்தை எழுதித் தரும்படி அவருடைய மனைவி புஷ்பவதி அக்கா என்னைத்தான் கேட்டார். ஒன்றரைப் பக்கம் போதும் என்றார். எழுதிக் கொடுத்தேன். கொக்குவிலில் பிறந்தார், நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தார், 1991இல் நியூசிலாந்துக்கு வந்தார், 1998 மார்கழியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இறைவனடி சேர்ந்தார். எல்லாம் உண்மை. ஆனால் மனைவியும் ஒரே மகளும் ஆக்லாந்தில் இருக்க, ஐம்பத்தைந்து தாண்டிய மனிதர் தன்னந்தனியாகச் சிகாகோவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் இல்லை. அதைத்தான் இப்போது சாமான் வாங்கும் கடையிலும் சங்கத்துக் கூட்டத்திலும் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். பெண்சாதி பிள்ளையை விட்டுவிட்டு அமெரிக்கா மோகத்தில் ஓடிய மனிதன் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதனால் ஒன்றரைப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் அவரைச் சந்தித்தது ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில். கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு கொம்பனி. எனக்கு ஸ்டோர்ஸில் வேலை, அவருக்கு மேல்மாடியில் படம் வரையும் அறையில் வேலை. இரண்டு பேருக்கும் வீடு லின்ஃபீல்டில். அவருக்குக் கார் ஓடத் தெரியும், லைசன்ஸும் இருந்தது. ஆனால் கார் வாங்கவில்லை. சிகாகோவில் தெருவின் மற்றப் பக்கத்தால் ஓடவேண்டும், இங்கே கை பழகிவிட்டால் அங்கே போய்க் குழம்பும் என்பது அவருடைய நியாயம். ஆகவே வருடக்கணக்காக என்னுடைய பழைய கொரோலாவின் இடதுபக்க ஆசனம் அவருடையதாக இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய தமையன் குலசிங்கம் எழுபதுகளிலேயே அமெரிக்காவுக்குப் போய் எஞ்சினியராகி, குடியுரிமையும் எடுத்து, சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகரில் இருந்தார். 1987இன் தொடக்கத்தில் தம்பி குடும்பத்தை அழைப்பதற்கு அவர் மனுப் போட்டார். சகோதரர்களை அழைக்கும் வரிசை நீளமானது, பத்து வருடமும் ஆகலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை வந்து, கொக்குவில் வீட்டின் பின்பக்கம் ஷெல் விழுந்து இடிந்தது. கொழும்புக்கு வந்தார்கள். அங்கே இருக்கும்போது நியூசிலாந்தில் தொழில் பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார், கிடைத்துவிட்டது. சிகாகோவுக்குக் கூப்பிடும்வரை ஆக்லாந்தில் இருக்கலாம் என்று வந்தார். பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் நிற்பதுபோல என்று அவரே சொல்வார்.

நிற்கிற நேரத்தில் படித்தார். புளொக்ஹவுஸ் பே நூலகத்தில் சிகாகோ பற்றி இருந்த இரண்டு மூன்று புத்தகங்களையும் முடித்துவிட்டு, மற்ற நூலகங்களிலிருந்து எடுப்பித்துப் படித்தார். மற்றவர்கள் வீட்டு வரவேற்பறையில் சாமிப் படமும் பிள்ளையின் பட்டமளிப்புப் படமும் இருக்கும். இவர் வீட்டில் சிகாகோவின் தெருக்கள் இருந்தன. தானே மை தொட்டு, கோடு பிசகாமல் வரைந்தது. எங்கே தமையன் வீடு, எங்கே ரயில், எங்கே வேலை தேடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. 1871இல் தீப்பிடித்த இடம், அது பரவிய வழி, உலகத்தின் முதல் வானளாவிய கட்டடம் எழும்பிய மூலை, இப்படித்தான் குறித்திருந்தார்.

காரில் ஹில்ஸ்பரோ ரோட்டில் ஏறும்போது தொடங்குவார். சிகாகோவில் நிரந்தரமாக முதல் வீடு போட்டுக் குடியிருந்த வெளியாள் டு சாப்ள் என்ற ஒரு கறுப்பின வியாபாரி. வெள்ளைக்காரர் நெடுங்காலம் அதை வெளியே சொல்லவில்லை. அந்த மனிதர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒருநாள் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஏன் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரைத் தொடக்கினவருக்கு அந்த ஊரில் ஒரு சவக்குழிகூட இல்லை என்று சொல்லும்போது ஜெயரட்ணம் அண்ணையின் குரல் இறங்கும். ஒனிஹங்கா தாண்டும்போது ஜேன் ஆடம்ஸ் வருவார். கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுக்காகப் பெரிய வீடொன்றைத் திறந்து வைத்து, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து, இங்கிலீஷ் படிப்பித்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பெண்மணி. இவருக்கு அவர் ‘ஜேன் அக்கா’. உலகத்திலேயே உயரமான கட்டடத்தை அங்கே எழுப்பிய எஞ்சினியர் ஃபஸ்லுர் கான் டாக்காவில் இருந்து போனவர் என்பதால் அவர் ‘எங்கட கான் தம்பி’. எல்லாருக்கும் முறை வைத்திருந்தார். நான் ஸ்டோர்ஸில் இறங்கும்போது அரைவாசிச் சிகாகோவோடு சொந்தக்காரனாகத்தான் இறங்குவேன். சங்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஜெயரட்ணங்கள் இருந்தபடியால் இவருக்குச் சிகாகோ ஜெயரட்ணம் என்ற பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் உள்ளுக்குள் பெருமை.

எனக்கு எரிச்சலும் வரும், ஒளிப்பானேன். நாங்கள் தினமும் ஒற்றைமரக் குன்று தெரிகிற பாதையால்தான் போய்வந்தோம். 1994இல் மாவோரி ஒருவர் மண்ணுரிமைக் கோபத்தில் அந்தக் குன்றின் உச்சியில் நின்ற மரத்தைச் செயின் வாளால் அரைவாசி வெட்டிவிட்டார். ஆக்லாந்து முழுக்க அதுதான் பேச்சு. நான் காரை மெதுவாக்கிக் காட்டினேன். அண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த மைதானத்துக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றைக்கு மட்டும் அவரை இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

ஆனால் என்னுடைய எரிச்சல் என்ன எரிச்சல், புஷ்பவதி அக்காவுடையதற்கு முன்னால். அக்கா ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. இங்கே முதியோர் இல்லமொன்றில் வயோதிபர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் வேலை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து இருப்பார். கொக்குவில் வீடு அக்காவின் சீதன வீடு. கலியாணம் கட்டின நாளிலிருந்து ஜெயரட்ணம் அண்ணை இருந்தது அக்காவின் கூரைக்குக் கீழே. அது போனபிறகு இங்கே இருந்தது வாடகை வீடு. சொந்தமாக ஒன்று பார்ப்போம் என்று அக்கா எப்போது கேட்டாலும், சிகாகோ வருகுதுதானே என்பார். திரைச்சீலை மாற்றக் கேட்டாலும் அதே பதில். சோபா கேட்டாலும் அதே பதில். பெட்டிகள் பாதி பிரிக்காமலே கராஜில் கிடந்தன.

1994இல் அந்த வீட்டுக்காரரே வந்து, நான் விற்கப்போகிறேன், நீங்கள் நல்ல குடும்பம், முதலில் உங்களைத்தான் கேட்கிறேன் என்றார். அக்காவுக்கு அந்த வீட்டின் அடுப்படி ஜன்னல் பிடிக்கும். அண்ணை மறுத்துவிட்டார். வேறொரு சோடி தாங்கள் குடியிருக்க அதை வாங்கியது, இவர்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்ற நான்தான் போனேன். அண்ணை சிகாகோ வரைபடத்தைத் தானே சுருட்டி எடுத்து, ஒருவரையும் தொடவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணை சாப்பாட்டு மேசையில் சிகாகோவைத் தொடங்கினால் அக்கா எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். சட்டி கழுவும் சத்தம் கேட்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த மனிசிக்கு அந்த ஊரின் பெயரே பிடிக்காது, ஒரு வார்த்தை காதில் ஏறாது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

1997இல் வரிசை நெருங்கியது. கடிதம் வந்தது, சான்றிதழ்கள் அனுப்பினார்கள், வைத்தியப் பரிசோதனை முடிந்தது. அண்ணை நிலத்தில் நடக்கவில்லை. அந்த ஐப்பசியில் சிகாகோவிலிருந்து ஒரு செய்தியும் வந்தது. 1871 தீயை மூட்டியது ஓலியரி என்ற பால்காரப் பெண்ணின் மாடு என்று அக்காலத்துப் பத்திரிகை எழுதி, அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே நாசமாக்கியிருந்தது. மாடு விளக்கை உதைத்ததாம். அது புனைகதை என்று எழுதியவரே பின்னர் ஒத்துக்கொண்டார். இப்போது நகரசபை கூடி, அந்தப் பெண்ணும் மாடும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. தமையன் தொலைபேசியில் சொல்ல, அண்ணை மாடே தன்னுடையதுபோல மகிழ்ந்தார். அக்கா அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நூறு வருஷத்துக்கு முன்னம் செத்துப்போன மனிசிக்கு இப்ப அதால என்ன?

அதற்கடுத்த மாதம் நேர்முகத்துக்கு அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரையும் நகரத்துக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணை கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டியிருந்தார். மகள் சிவானி பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் வெளியே காத்திருந்தேன். முதலில் வந்தவள் சிவானிதான். முகம் சாதாரணமாக இருந்தது.

“ஐ ஆம் டூ ஓல்ட், அங்கிள்,” என்றாள்.

இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைத்தான் பெற்றோரோடு சேர்ப்பார்கள். தமையன் மனுப் போட்டபோது சிவானி பத்து வயதுச் சிறுமி. அந்த வருட ஆனியில் அவளுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. விசா தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும். அண்ணை உள்ளே அந்த அதிகாரியோடு வாதாடியிருக்கிறார். அவளுக்கு இன்னும் கலியாணமாகவில்லை, கலியாணம் கட்டாத பிள்ளை எத்தனை வயதானாலும் தாய் தகப்பனின் குடும்பத்தில்தானே சேர்த்தி என்று திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அதிகாரி மரியாதையாகத்தான் விளக்கினாராம். சட்டம் அப்படி இல்லை, நீங்கள் போய்ச் சேர்ந்தபின் மகளுக்குப் புதிதாக மனுப் போடலாம், சில வருடங்கள் ஆகும்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று வெளியாட்கள் சொல்லலாம். எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அண்ணை நினைத்ததைத்தான் நினைத்திருப்போம். கழுத்தில் தாலி ஏறும்வரை பெண்பிள்ளை தகப்பனுடைய கணக்கு. அதில் வயது எங்கே வந்தது? பத்து வருடமாக ஒரு நகரத்தின் முழுச் சரித்திரத்தையும் படித்த மனிதர் அந்த நகரத்துக்குள் போகும் நிபந்தனையைப் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது அக்கா பின் ஆசனத்தில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். குயின் வீதிச் சிக்னலில் நிற்கும்போது சொன்னார்.

“நான் வரேல்லை. பிள்ளையை விட்டிட்டு நான் ஒரு இடமும் வரேல்லை.”

அண்ணை முன்னால் பார்த்தபடி இருந்தார்.

“உங்களுக்கு நாங்கள் முக்கியமோ, அந்த ஊர் முக்கியமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

என்னுடைய காரில் அவர் வாய் திறக்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் போக முடிவெடுத்தார். அதைக் கடையில் கதைப்பவர்கள் மோகம் என்கிறார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. கிடைத்த விசாவைச் சில மாதங்களுக்குள் பாவிக்காவிட்டால் பத்து வருடமும் வீண். தான் மட்டும் போய் நிரந்தரவாசிக்குரிய பச்சை அட்டையை எடுத்தால் சிவானிக்கு மனுப் போடலாம், பிறகு மூவரும் ஒன்றாக இருக்கலாம். இது அவருடைய கணக்கு. நான் வரமாட்டேன், எனக்கு வேண்டாம் என்று சிவானி சொல்லிவிட்டாள். அவளுடைய படிப்பு, நண்பர்கள் எல்லாம் இங்கே. அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கணக்கில் பிழை இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இவ்வளவு காலம் மனைவியைக் காத்திருக்க வைத்த ஒன்றைக் காரணமில்லாமல் கைவிட அவருக்கு வெட்கமாக இருந்தது. போகாவிட்டால் அக்கா இழந்த வீடும், பிரிக்காத பெட்டிகளும், சட்டி கழுவின வருடங்களும் எதற்காக என்று ஆகிவிடும். அக்கா தடுக்கவில்லை. மிளகாய்த்தூள் இடித்து, இரண்டு பைகளில் கட்டிக் கொடுத்தார்.

1998 பங்குனித் தொடக்கத்தில் அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மின்கம்பிகள் பழுதாகி ஆக்லாந்தின் நகர மத்தி வாரக்கணக்காக இருட்டில் கிடந்த காலம் அது. கடைகள் பூட்டு, தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

“ஐசே, இந்த ஊருக்கும் இப்பதான் ஒரு சரித்திரம் வருகுது,” என்றார். “நான் போறன்.”

சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவும் சிவானியும் உள்ளே வந்து, அவர் வரிசைக்குள் மறையும்வரை நின்றார்கள்.

எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். முதலில் அக்காவுக்கு, பிறகு அதே தொலைபேசி அட்டையில் மிச்சமிருக்கும் நிமிடங்களுக்கு எனக்கு. ஆரம்பத்தில் குரலில் அடக்க முடியாத சந்தோஷம். ஓலியரியின் மாடு நின்ற இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே இப்போது தீயணைப்புப் படையினருக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி இருக்கிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜேன் அக்காவின் வீட்டுக்குள்ளே போய் அவருடைய மேசையைப் பார்த்தபோது கண் கலங்கியதாம். தமையனுக்கு அந்த நகரத்தில் கால் வைத்தே வருடங்கள் ஆகின்றன. புறநகரில் வீடு, அங்கேயே வேலை, அங்கேயே கடை. தம்பி ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறிப் போய்த் தெருத்தெருவாக நடப்பது அவருக்கு விளங்கவே இல்லை. அண்ணைக்கு ஒரு அச்சகத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. படவரைஞர் வேலைக்கு வயது போய்விட்டது என்றார்கள்.

ஆவணி, புரட்டாசி அளவில் குரல் மாறிவிட்டது. இடங்களைப் பற்றிச் சொல்வது குறைந்தது. சிவானி சாப்பிடுகிறாளா, அக்கா இரவு வேலைக்கும் போகிறாவா என்று என்னிடம் கேட்பார். அவர்களிடமே கேட்கலாமே என்றால், அவ சொல்லமாட்டா என்பார். ஒருநாள், வெட்டுப்பட்ட அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், நிற்கிறது என்றேன்.

“ஐசே, இஞ்ச நான் சொல்லுறதைக் கேக்க ஒருத்தரும் இல்லை,” என்றார். “சொன்னால், ஓ அப்பிடியோ எண்டு போட்டு போகினம். அவையின்ர ஊர், அவைக்குத் தேவையில்லை.”

திரும்பி வாருங்கோ அண்ணை என்று நான் சொன்னேன். சித்திரையில் வந்து பார்க்கப்போவதாகவும், பிறகு யோசிக்கலாம் என்றும் சொன்னார். அவர் வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை அவர் சொல்லவில்லை, நான் இங்கே அவருக்காகச் சொல்லக்கூடாது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, நகரத்துக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருந்த இடத்தில் மாரடைப்பு வந்து விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது. எங்களுக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை. அவர் எடுக்கும் நாள் என்று அக்கா தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். எடுத்தது தமையன்.

அக்காவும் சிவானியும் விசா எடுத்து உடனே போகக்கூடிய நிலை இல்லை. உடலை இங்கே கொண்டுவரும் ஏற்பாடும் சரிவரவில்லை. தமையனே கொள்ளி வைத்தார். நாங்கள் லின்ஃபீல்ட் வாடகை வீட்டில் நிலத்தில் பாய் விரித்து இருந்தோம். அக்கா வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். பாத்திரம் எடுத்தார், வைத்தார், யார் எப்போது வந்தார்கள் என்று சிவானியிடம் கேட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்த பெண்கள் அடுப்படியில் குசுகுசுத்தார்கள். விட்டிட்டுப் போன மனிசனுக்கு என்னத்துக்கு அழுவது என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்தார்கள்.

பிறகு அஸ்தியின் கேள்வி வந்தது. சாம்பல் அள்ளும் காடாத்துக் கிரியை முடிந்து தமையன் அஸ்தியை வீட்டில் வைத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். அந்தப் பக்கம் இராணுவம், ஒருவரும் போக முடியாது. அதனால் ஆக்லாந்துக்கு எடுப்பித்து மனுகாவ் கடலில் கரைப்பதுதான் முறை என்று சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்து தீர்ப்புச் சொன்னார்கள். மனைவியும் பிள்ளையும் இருக்கிற இடத்துக்குத்தான் வரவேண்டும், கடைசியிலாவது வந்தார் என்று இருக்கட்டும். கடைசியிலாவது என்ற சொல்லை ஒருவர் அழுத்திச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தமையன் தொலைபேசி எடுத்தார். அக்கா பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் அரைகுறையாகக் கேட்டது. அஸ்தியை யாரிடமாவது கொடுத்தனுப்பவா, தானே கொண்டுவரவா என்று கேட்டார்.

“வேண்டாம் அத்தான்,” என்றார் அக்கா. “அங்கையே விடுங்கோ. அங்க அவருக்குத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர்.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோபத்தில் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். தமையனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு, சரி, இங்கே பெரிய ஏரி இருக்கிறது, பார்த்தால் கடல்தான், கரையே தெரியாது, அதிலே கரைத்துவிடுகிறேன் என்றார்.

“ஏரியில வேண்டாம். அது நிண்ட தண்ணி, உங்கட ஊர்ச்சனம் குடிக்கிற தண்ணி. ஆத்தில விடுங்கோ.”

ஆறும் ஏரியில்தானே விழும் என்று தமையன் சொன்னது கேட்டது.

“இல்லை அத்தான். முந்தித்தான் விழுந்தது. ஊர் ஊத்தையெல்லாம் ஏரிக்குள்ள போகுது, சனம் வருத்தம் வந்து சாகுதெண்டு, வாய்க்கால் வெட்டி ஆத்தையே மறுபக்கம் திருப்பிப்போட்டாங்கள். நூறு வருஷமாகப் போகுது. இப்ப அது ஏரியை விட்டுத் திரும்பி ஓடுது. இன்னும் ரெண்டு ஆத்தோட சேந்து, மிசிசிப்பியில விழுந்து, கடலுக்குப் போகுது. அதில விட்டால் கடலுக்குப் போய்ச் சேந்திடுவார். கடலுக்குப் போனால் காணும். எல்லாக் கடலும் ஒண்டுதானே.”

கால் நூற்றாண்டாக அங்கே இருக்கும் தமையனுக்கு இது புதிது. உண்மையாகவா என்று கேட்டார்.

“உண்மைதான். அவர் சொன்னவர்,” என்றார் அக்கா. தொலைபேசியை வைத்தார்.

எத்தனை வருடம், காலையும் மாலையும், லின்ஃபீல்டிலிருந்து மவுண்ட் வெல்லிங்டனுக்கும் அங்கிருந்து திரும்பியும். டு சாப்ளும் ஜேன் அக்காவும் கான் தம்பியும் எனக்குப் பாடம். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த கதையில் நான் கேட்காதது ஒன்றும் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஆறு திரும்பிய கதையை அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

அக்கா என்னுடைய முகத்தைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“இல்லை அக்கா. இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.”

“எனக்கு நெடுகச் சொல்லுவார்,” என்றார் அக்கா. “கடைசியா எடுத்த அண்டைக்கும் ஃபோனில சொன்னவர். பாலத்தில நிண்டு பாத்தவராம். உண்மையாவே மற்றப் பக்கம்தான் ஓடுதாம், புஷ்பம், நீ வந்து பாக்கவேணும் எண்டு…”

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அத்தனை பேருக்கு முன்னால், வாயைப் பொத்திக்கொள்ளாமல், புஷ்பவதி அக்கா தன்னுடைய மனிசனுக்காக அழுதார். சிவானி எழும்பிப் போய்த் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.